கறியில்லாச் சோற்றில் தொடங்கு, மகள்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். விதைப்பு முடிந்தது. நேற்று போனில் உன் விஞ்ஞான வகுப்பைப் பற்றி நீ சொன்னதுதான் இரவு முழுக்க மனதில் நின்றது: "அம்மா, பிள்ளையளுக்கு நொதியத்தின்ரை பேர் ஒண்டும் மனசிலை நிக்குதில்லை."

சமிபாட்டை, உணவை உடைக்கிற அந்த நொதியங்களின் பெயர்களில் தொடங்காதே, பிள்ளை. ஆளுக்கொரு பிடி சோறு கொடு. கறி, சம்பல் ஒன்றும் வேண்டாம். விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டிருக்கச் சொல். யாராவது ஒரு பிள்ளை "ரீச்சர், இனிக்குது" என்னும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு மாப்பொருளை மோற்றோசு என்ற இனிப்பான வெல்லமாக உடைக்கிறது என்பதை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுது. நான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பித்த காலம் முழுக்க இப்படித்தான் தொடங்கினேன். இரைப்பையின் அமிலத்தில் அந்த அமிலேசு செயலிழந்துவிடும், மிச்ச வேலையைச் சிறுகுடலில் சதையியின் (கணையத்தின்) நொதியங்கள் பார்க்கும் என்று அடுத்த பாடத்தில் சொன்னால் போதும்.

சமித்த உணவு குடலிலிருந்து உடம்புக்குள் போகிற அகத்துறிஞ்சலுக்கு வரும்போது உன் கதையையே சொல்லலாம். 2009, போர்க்காலம், முல்லைத்தீவு மாத்தளன் கடற்கரை, தறப்பாள் கொட்டில். உனக்கு ஆறு வயது. வயிற்றோட்டத்தில் கண் குழிவிழுந்து கிடந்தாய். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி பக்கெற் எங்கும் கிடைக்கவில்லை. கிடந்த அரிசியைக் குழைய அவித்து, உப்புப் போட்டு, நீர்க்கஞ்சியாகக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். பால் இல்லை, பயறு இல்லை. மூன்றாம் நாள் எழும்பி இருந்து "இன்னும் தாங்கோ" என்றாய். அந்தக் குரல் இப்பவும் என் காதில் கிடக்கிறது.

அந்தக் கஞ்சி ஏன் வேலை செய்தது தெரியுமா? அரிசி மாப்பொருள் குளுக்கோசாகிறது. சிறுகுடல் சுவரில் குளுக்கோசும் உப்பின் சோடியமும் சோடியாகவே உள்ளே போகும். அவை போகும் வழியே தண்ணீரும் போகும். ஜீவனியில் உப்போடு குளுக்கோசும் சேர்ப்பது இதற்குத்தான். சிறுகுடல் சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளையின் படத்தை எத்தனையோ தரம் வரைந்து படிப்பித்தவள் நான். அது என்ன செய்கிறது என்று கண்ணால் கண்டது அந்தக் கொட்டிலில்தான்.

உணவுச்சங்கிலிக்குப் புத்தகத்துப் புல்லும் மானும் வேண்டாம். மீள்குடியேறி வந்த முதல் போகத்தில், நெல்மூட்டைக்குள் கிடந்த சாரையை மாமா அடித்துக் கொன்றார், நினைவிருக்கா? மாதம் ஒன்று போவதற்குள் எலி பெருகி, விதைநெல்லுக்கு வைத்த சாக்கிலேயே ஓட்டை. நெல், எலி, சாரை, பருந்து என்று எழுதிக் கணக்கையும் காட்டு: நெற்பயிரில் 10,000 கிலோயூல் என்றால் எலிக்கு ஏறத்தாழ 1,000, சாரைக்கு 100, பருந்துக்கு 10. மிச்சம் அந்தந்த உயிரின் மூச்சிலும் ஓட்டத்திலும் வெப்பமாகிப் போகும், கழிவிலும் போகும். பருந்து ஏன் ஒன்றிரண்டுதான் பறக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

போசணையைப் பற்றி ஒன்று, இதை மறக்காதே. நீ இருப்பது தேயிலை மலை. சாப்பாட்டோடு சேர்த்தே பிளேன்ரீ குடிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். தேயிலையிலுள்ள தனின், கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழியச் சொல், அதிலுள்ள விற்றமின் சி இரும்பைச் சேர்த்துவைக்கும். பாடம் தொடங்க முன்னம் "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேள். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிகிற பிள்ளையைக் கவனி. அந்தப் பிள்ளையைத் தனியக் கூப்பிட்டுக் கேள், எல்லார் முன்னாலும் வேண்டாம்.

ஒடியல் மாவும் குரக்கன் மாவும் கட்டி வைத்திருக்கிறேன், வருகிற ஆளிடம் தந்து விடுவேன். நீயும் காலமை சாப்பிடாமல் பள்ளிக்கூடம் ஓடாதே.

சோறு கொடுத்த அன்று, எந்தப் பிள்ளை முதலில் இனிக்குது என்றது என்று எழுது.

அம்மா