கண்காணிப்புக் கிணறுகளுக்கு ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

நிலத்தடி நீர்க் கண்காணிப்புக்கு ஒப்பந்த ஆவணம் தயாரிப்பவர்களுக்கும், கடைசியில் வந்து சேரும் அறிக்கையில் கையெழுத்திடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கிணற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுக்கும் வேலை என்னுடையது. உங்கள் ஆவணங்களில் ஆய்வகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது: எந்தக் கருவி, என்ன துல்லியம், எந்த அங்கீகாரம். மாதிரி எடுப்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: ஒவ்வொரு கிணற்றிலும் மாதிரி சேகரிக்க வேண்டும். கட்டணமும் மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்றே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் மேசைக்கு வரும் எண்களை என்ன செய்கின்றன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கண்காணிப்புக் கிணறு என்பது பெரும்பாலும் 50 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். அடியில் கீறல்கள் போட்ட சல்லடைப் பகுதி, அதைச் சுற்றி மணல், அதற்கு மேல் பெண்டோனைட் களிமண் அடைப்பு. சல்லடைக்கு எதிரே உள்ள நீர் நிலத்தடி நீரோடு கலந்து மாறிக்கொண்டே இருக்கும். மேலே குழாய்க்குள் நிற்கும் நீர் அப்படியில்லை. காற்று படுவதால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், கரைந்திருந்த இரும்பு துருவாகிப் படியும், எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் பறந்துவிடும். குழாயை இறக்கியதும் முதலில் வருவதைப் பிடித்து அனுப்பினால் ஆய்வகம் அளப்பது இந்தத் தேங்கிய நீரைத்தான்.

அதனால்தான் முதலில் நீரை இறைத்து வெளியேற்றுகிறோம். குழாயில் நிற்கும் நீரைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இறைக்க வேண்டும் என்பது பழைய விதி. 50 மி.மீ. குழாயில் மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நிற்கும்; 10 மீட்டர் நீருக்கு 20 லிட்டர்; மூன்று மடங்கு என்றால் 60 லிட்டர். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று வேகமாக இறைத்தால் மணலிலும் களிமண்ணிலும் ஒட்டியிருந்த நுண்துகள்கள் கிளம்பி நீர் கலங்கிவிடும். போதாததற்கு, மாசுபட்ட அந்த 60 லிட்டரை டிரம்மில் பிடித்து முறையாக அப்புறப்படுத்த வேண்டும். அதற்கான செலவு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. பிறகு அந்த நீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை.

இதற்கு மாற்றான மெதுவாக இறைக்கும் முறை புதிதல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-லேயே அதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பம்பின் வாயைச் சல்லடைப் பகுதியின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வரை மட்டும் எடுக்க வேண்டும். கிணற்றின் நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காதபடி அளந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியே வரும் நீரைக் காற்றுப் படாத சிறு கலத்தின் வழியாக ஓடவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு குறிக்க வேண்டும். அளவீடுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் பி.எச்.-இல் 0.1-க்குள்ளும், மின்கடத்துதிறனில் 3 சதவீதத்துக்குள்ளும், ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தத்தில் 10 மில்லிவோல்ட்டுக்குள்ளும், கரைந்த ஆக்சிஜனிலும் கலங்கலிலும் 10 சதவீதத்துக்குள்ளும் தொடர்ந்து மூன்று முறை நின்றால், வருவது நிலத்தடி நீர் என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் குப்பியைத் திறக்க வேண்டும்.

சில கிணறுகள் அரை மணி நேரத்தில் நிலைப்படும். சில ஒரு மணி நேரம் தாண்டியும் ஆட்டம் காட்டும். மாதிரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குழுவுக்கு அந்த நேரமெல்லாம் நட்டம். அப்போது வண்டியிலிருந்து பெய்லர் இறங்குகிறது: கயிற்றில் கட்டிய நீண்ட குழல், விலை மலிவு, மின்சாரம் வேண்டாம். அது நீரில் தொப்பென்று விழுந்து, பிஸ்டன் போல மேலும் கீழும் போய், அடியிலுள்ள வண்டலை எல்லாம் கிளப்பும். உலோகங்களுக்கான குப்பியில் பி.எச். 2-க்குக் கீழே வரும்படி நைட்ரிக் அமிலம் இருக்கும். வண்டலில் ஒட்டியிருந்த ஈயமும் ஆர்செனிக்கும் அந்த அமிலத்தில் கரைந்து, நீரிலேயே இருந்ததுபோல் அறிக்கையில் ஏறும். அதே பெய்லரிலிருந்து ஊற்றும்போது பென்சீன் காற்றோடு போய்க் குறைவாகத் தெரியும். ஒரே கிணற்றில், ஒரே நாளில், ஒன்று கூடியும் மற்றொன்று குறைந்தும் வரும். ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இதைத் திருத்த முடியாது.

0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அமிலம் சேர்ப்பதற்கு முன் கிணற்றருகிலேயே வடிகட்டினால் ஓரளவு சரி. ஆனால் நீரோடு உண்மையிலேயே நகரும் மிக நுண்ணிய துகள்களையும் அது பிடித்துக்கொள்ளும். வடிகட்டியது, வடிகட்டாதது இரண்டையும் கேளுங்கள், பக்கத்திலேயே கலங்கல் அளவையும் கேளுங்கள் என்பதே என் கருத்து.

பெய்லரைத் தடை செய்யச் சொல்லவில்லை. நீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க அது போதும். மெதுவாக இறைக்கும் முறையும் எல்லா இடத்திலும் நடக்காது. ஊற்று மிகக் குறைந்த கிணறு எவ்வளவு மெதுவாக இறைத்தாலும் வற்றிவிடும். மீண்டும் ஊறும் நீர் காய்ந்த சல்லடை வழியே வழிந்து இறங்கும்போதே ஆவியாகும் பொருட்களை இழக்கும். அந்தக் கிணறுகளுக்கு முழுத் தீர்வு எதுவும் இல்லை. எப்படி எடுத்தோம் என்பதை எழுதி வைக்கத்தான் முடியும். தேடுவது கரைப்பான்களை மட்டும் என்றால், தூய நீர் நிரப்பிய பாலிஎத்திலீன் பையைச் சல்லடைப் பகுதியில் இரண்டு வாரம் தொங்கவிட்டு எடுக்கலாம். இறைக்கவே வேண்டாம், டிரம்மும் வேண்டாம். உலோகங்களும் உப்புகளும் அந்தப் பைக்குள் நுழையா என்பதால் அவற்றுக்கு அது உதவாது. மேலிருந்து உறிஞ்சும் பம்பும் 8 மீட்டர் ஆழத்துக்கு மேல் பயன்படாது. உறிஞ்சும்போதே வாயுக்களையும் பிரித்துவிடும்.

அடுத்த ஒப்பந்தத்தில் கூலியை மாதிரிக்கு அல்ல, களத்தில் செலவிடும் நாளுக்குக் கணக்கிடுங்கள். இறைத்த நீரை அப்புறப்படுத்தத் தனிச் செலவு காட்டுங்கள். பம்ப் நின்ற ஆழம், நீர்மட்டம், ஓட்ட வேகம், நேரத்தோடு குறித்த அளவீடுகள் எல்லாம் உள்ள களக் குறிப்பு இல்லாமல் எந்த முடிவையும் ஏற்காதீர்கள். வெற்று மாதிரியும் (தூய நீரை நிரப்பி அனுப்புவது) இரட்டை மாதிரியும் (ஒரே கிணற்றில் இரண்டாவதாக எடுப்பது) கட்டாயமாகட்டும். ஜெனரேட்டரைப் புகை கிணற்றுப் பக்கம் வராதபடி, காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் தள்ளி நிறுத்தச் சொல்லி ஒரு வரி சேர்த்தாலும் நல்லது. அதன் புகையிலும் பென்சீன் உண்டு. முறையை மாற்றும்போது ஒரு சுற்றாவது பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் மாறியதால் வந்த ஏற்ற இறக்கத்தை நிலத்தடி நீரின் மாற்றம் என்று படித்துவிடுவோம். இதையெல்லாம் புதிதாக எழுத வேண்டியதுகூட இல்லை. நிலத்தடி நீர் மாதிரி எடுப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 5667-11 என்ற தரநிலை இருக்கிறது.

அதுவரை, கையில் இருக்கும் அறிக்கையில் ஈயம் திடீரென்று உயர்ந்திருந்தால் அதே வரிசையில் கலங்கல் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், புதிய கிணறு தோண்ட உத்தரவிடும் முன் அந்தக் கிணற்றில் மெதுவாக இறைத்து இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு களப் பணியாளர்