பாதாளச் சாக்கடை: எந்தக் குழாயை முதலில் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை மாநகரில் ஆளிறங்கு குழிகள் நிரம்பிக் கழிவுநீர் தெருவில் ஓடுவதும், சாலை திடீரென உள்வாங்குவதும் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. படம் வெளியானதும் அந்த இடத்துக்கு மண் அள்ளும் இயந்திரம் வருகிறது. சில மீட்டர் குழாய் மாற்றப்படுகிறது. சிறிது காலத்தில் தொல்லை பக்கத்துத் தெருவில் தலைகாட்டுகிறது. ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கண்ணில் பட்டதைச் சரிசெய்வது என்ற அளவிலேயே வேலை நடக்கும்வரை, கண்ணில் படாத குழாய்களில் அதிக ஆபத்தில் இருப்பது எது என்ற கேள்வி எழவே வழியில்லை என்பதைக் கழிவுநீர்க் குழாய்ப் பணிகளில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் என்ற முறையில் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

பழைய குழாய்களை முதலில் மாற்றுங்கள் என்பதே பொதுவாக எழும் கோரிக்கை. வயது ஒரு குறிப்புத்தானே தவிர, அதுவே அளவுகோல் ஆகாது. மத்திய அரசின் கழிவுநீர்க் கையேடு குழாய்களுக்குக் கணக்கிடும் 30 ஆண்டு என்பது பெருகும் மக்கள்தொகைக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதற்கான கணக்கு. 31ஆம் ஆண்டில் குழாய் உடைந்துவிடும் என்பது அதன் பொருளன்று. சரியான வாட்டத்தில் கவனமாகப் பதித்த ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய் அதற்கு மேலும் நன்றாக உழைப்பதுண்டு. மாறாக, விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் மணலும் கசடும் அடியில் தங்கிவிடும் என்பதால், வீட்டு இணைப்புகள் குறைவாக உள்ள புதிய பகுதிகளில் நேற்றுப் பதித்த குழாய்கூட அடைத்துக்கொள்ளும். இவ்வாறு அடைபடும் குழாய்க்குத் தேவை தூர்வாருதலும் கூடுதல் இணைப்புகளுமே. மாற்றுக் குழாய் அன்று. ஆகவே கட்டுமானக் குறையையும் ஓட்டத்தில் உள்ள குறையையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

கட்டுமானக் குறைகளில் கான்கிரீட் குழாயின் அரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேங்கி மெதுவாக நகரும் கழிவுநீரில் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது நீர்மட்டத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் சேர்ந்து, குழாயின் ஈரமான மேற்கூரையில் வாழும் வேறு நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, சிமெண்டைச் சுண்ணாம்புக் களிபோல் இளக்கிவிடுகிறது. கழிவுநீர் கீழே தடையின்றி ஓடிக்கொண்டிருப்பதால் மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது; ஒரு நாள் கனரக வண்டி ஏறியதும் கூரை இடிந்து சாலை உள்வாங்கும். நீரேற்று நிலையத்திலிருந்து வரும் உந்துகுழாய் சாதாரணக் குழாயில் வந்து விழும் இடத்தில் இந்த அரிப்பு மிகுதி என்பது துறையில் உள்ளோர் அறிந்ததே. ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையம் நோக்கிக் கழிவுநீரை ஏற்றி அனுப்பும் நம் ஊரில், இத்தகைய இடங்களை மட்டும் முதலில் பார்த்துவிட்டாலே பெரும் ஆபத்துகள் சிலவற்றைத் தவிர்க்கலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமே என்பார்கள். தொடக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். எந்தக் குழி எந்த மாதத்தில் முதலில் நிரம்பும் என்பது நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டி ஊழியர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கேட்டு எழுதி, புகார்ப் பதிவேட்டையும் சேர்த்து வரைபடத்தில் குறித்தாலே பாதிப் படம் கிடைத்துவிடும். நம் ஊருக்கே வாய்த்த இன்னொரு வசதியும் உண்டு. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் நகருக்குள்ளேயே ஓடுகின்றன. பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் நீர் ஓடும் காலத்தில், மழையில்லாத ஓர் இரவில் 2 மணி முதல் 4 மணி வரை ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் வரும் நீரை அளந்து, கால்வாய் அடைத்திருக்கும் கோடையிலும் அதே நேரத்தில் அளந்து பார்க்கட்டும். வீடுகள் உறங்கும் அந்நேரத்தில் காணும் வேறுபாட்டில் பெரும்பங்கு, கால்வாயால் உயர்ந்த நிலத்தடி நீர் குழாய் மூட்டுகளின் வழியே உள்ளே புகுவதே. புகும் நீர் மண்ணையும் இழுத்து வருவதால் சாலைக்கு அடியில் பொந்து விழுகிறது. எனவே இந்த அளவீடு சாலைப் பொறியாளர்களுக்கும் பயன்படும்.

இவ்வாறு சந்தேகத்துக்குரிய பகுதிகளைப் பிரித்தெடுத்த பிறகு, குழாயைக் கழுவிவிட்டு உள்ளே கேமராவை ஓட்டலாம். மனிதர் இறங்க வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, உரிய பாதுகாப்பின்றி இறக்கவும் கூடாது. காணும் விரிசல், நெளிவு, வேர், அரிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு துண்டுக் குழாய்க்கும் 1 முதல் 5 வரை தரம் இடுவது பல நாடுகளில் வழக்கம். 5 என்றால் இடியும் நிலை. அதனுடன், அது உடைந்தால் விளையும் கேட்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட்டு இரண்டையும் பெருக்க வேண்டும். நாலைந்து வீடுகளின் நீர் மட்டுமே செல்லும் முடுக்கில் 5ஆம் தரக் குழாய் இருந்தாலும், கேட்டின் மதிப்பு 1 என்பதால் பெருக்கம் 5 தான். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் போன்ற ஆற்றங்கரைப் பகுதிகளில் முதன்மைக் குழாய் 3ஆம் தரத்தில் இருந்தாலும், கேட்டின் மதிப்பு 5 என்பதால் பெருக்கம் 15 ஆகிவிடும். அது உடைந்தால் கழிவுநீர் தாமிரபரணியில் கலக்கும். நமக்குக் கீழே தூத்துக்குடி வரை குடிப்பது அந்த நீரையே. குடிநீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் கழிவுநீர்க் குழாய்க்கும் இதே கடுமையுடன் மதிப்பிட வேண்டும். விநியோகம் நின்ற நேரத்தில் அழுத்தம் குறைந்த குடிநீர்க் குழாய், சுற்றிலும் தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். முடுக்கில் வாழ்பவரின் துன்பம் சிறிதன்று. அவருக்கு உடனடிப் பழுதுபார்ப்பு கிடைக்கட்டும். பெருந்தொகையை எங்கே செலவிடுவது என்பதற்கே இந்த வரிசை.

சாலைப் பணியையும் இந்த வரிசையோடு இணைக்காவிட்டால் பயனில்லை. புதுத் தார் போட்ட சாலையைக் குழாய்க்காக வெட்டுவது, வெள்ளையடித்த பிறகு ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு ஒப்பானது. தேரோடும் ரத வீதிகளிலும் ஜங்ஷன் போன்ற நெருக்கடியான இடங்களிலும், குழாய் இடிந்துவிடாமலும் வாட்டம் கெடாமலும் இருந்தால், தோண்டாமலே உட்புறம் பிசின் தோய்ந்த உறையைச் செலுத்தி இறுகவைக்கும் முறையைப் பரிசீலிக்கலாம். 1971இல் லண்டனில் முதன்முதலில் கையாளப்பட்ட இம்முறை இன்று நம் நாட்டிலும் பழக்கத்தில் உள்ளது.

அடுத்த சாலைப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய 4 மண்டலங்களுக்கும் இத்தகைய தரப்பட்டியலைத் தயாரித்து, எந்தத் தெருவுக்கு என்ன மதிப்பெண், ஏன் என்ற விவரத்துடன் மாமன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டுமென மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நீரேற்று நிலையங்களில் அளவுமானிகளைப் பொருத்தினால்தான் இந்தப் பிசானத்தின் அளவீடு கிடைக்கும். தவறினால் ஓர் ஆண்டு காத்திருக்க நேரும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
பாளையங்கோட்டை