புல்லை எரித்து மரம் நடுகிறோமாம்

ஆசிரியருக்கு,

மழை தொடங்கினால் மரநடுகையும் தொடங்கிவிடும், நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊர்க் குளக்கட்டுக்குப் பின்னால் மாடு மேய்ந்த புல்தரைக்குப் புரட்டாதியில் தீ வைத்து, ஜேசிபியால் புரட்டி, கார்த்திகையில் தேக்கங்கன்று நட்டு, பதாகை பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆடியில் கச்சான் காற்று அடித்தபோது பாதிக்கு மேல் கருகிவிட்டது. இப்போது அங்கே புல்லும் இல்லை, மரமும் இல்லை, புழுதிதான்.

காற்றிலுள்ள காபனைப் பிடித்து வைப்பது மரம் மட்டும்தான் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. உலகத்து மண்ணில் மேல் ஒரு மீற்றருக்குள் மட்டும் ஏறக்குறைய 1,500 பில்லியன் தொன் காபன் இருக்கிறது, காற்றில் இருப்பதைவிட அது கூட. புல்வெளியில் பெரும்பங்கு வேரிலும் மண்ணிலும்தான், அதைப் புரட்டிக் காற்றுப்பட விட்டால் நுண்ணுயிர்கள் தின்று காபனீரொட்சைட்டாக வெளியே விட்டுவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் மலைநாட்டு ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியில், பட்டிப்பொலைக்குக் கிட்ட தெருவோர மண்வெட்டில் கை வைத்துப் பார்த்தேன். தேயிலைத்தூள் மாதிரிக் கறுப்பு, சில்லென்ற ஈரம், முழங்கை ஆழத்துக்கும் அதே நிறம். 2,000 மீற்றருக்கு மேலே குளிரில் இலையும் வேரும் மெதுவாகத்தான் உக்கும், அதனால் அங்கே காட்டு மண்ணும் பத்தனை என்கிற மலைப் புல்வெளி மண்ணும் காபனைப் பிடித்து வைத்திருக்கின்றன. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகைக்குக் கிட்ட, எங்கள் திருகோணமலைப் பக்கம் 28. இங்கே பாலை, வீரை, முதிரை மரக் காட்டுக்குள் ஒரு சாண் வெட்டினாலே கறுப்பு முடிந்து செம்மண் வந்துவிடும். அந்த ஒரு சாணும் போனால் திரும்ப வரக் காலமெடுக்கும்.

அந்தச் சமவெளியில் ஊறும் தண்ணீரும் சேர்ந்துதான் மகாவலியாகி எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெள்ளக் காலத்தில் மூதூர்ப் பக்கம் ஆற்றின் நிறத்தைப் பார்த்தால், மேலே எவ்வளவு மண் கழுவுப்படுகிறது என்று தெரியும்.

இந்த வருடம் குழி தோண்ட வருகிறவர்கள் முதலில் ஒரு இடத்தில் மண்வெட்டியைப் போட்டுப் பார்க்கட்டும். புல்வேர் பின்னிக் கிடந்தால் கன்றுகளை வேறெங்காவது கொண்டு போகலாம், எங்கள் பாடசாலை மதிலோரமே ஒரு நிழலும் இல்லாமல்தான் கிடக்கிறது.

ஒரு வாசகர்,
தம்பலகாமம், திருகோணமலை