முதல் கைட்போர்டிங் பட்டம் வாங்கும் முன்

ராமநாதபுரம்
கார்த்திகை 5

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கோலூன்றி வாசல்வரை நடக்கிறார்கள் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். என் அப்பாவுக்கு இரண்டாவது மாதத்திலேயே நிறுத்திவிட்டோம். இன்றுவரை அவருக்குக் கால் முழுதாக மடங்குவதில்லை. தங்கையின் பதவி உயர்வுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது, ஊருணி நிரம்பிவிட்டது. பெரியவனுக்குப் பிளஸ் டூ என்பதால் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தமே இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீயும் மகளும் சேர்ந்து, பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் கைட்போர்டிங் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைப் படித்ததும் எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாம் பட்டம் விட்ட நாட்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பட்டத்தின் சூத்திரக் கயிற்றைக் கட்டுவதில் நீதான் கெட்டிக்காரன். நான் கட்டிய பட்டம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாயும், நீ முடிச்சை அவிழ்த்து ஒரு விரற்கடை தள்ளிக் கட்டித் தருவாய், பட்டம் நேரே ஏறும். அந்த ஒரு விரற்கடைக்கு எவ்வளவு மதிப்பு என்று இந்த வயதில் கடலில் நின்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நாற்பதாயிரத்துக்கு முழு செட் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதாகவும், 12 சதுர மீட்டர் பட்டம் ஒன்றே இருவருக்கும் போதுமா என்றும் கேட்டிருக்கிறாய். தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதே. அனுப்பிவிட்டால் திரும்பக் கேள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே தவற்றைச் சென்ற ஆண்டு நான் செய்தேன். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

பங்குனியில் நான் வாங்கிய செட்டின் விலை முப்பத்தைந்தாயிரம். பதினான்கு ஆண்டுப் பழையது என்று விற்றவர் மறைக்கவில்லை. ஆனால் அதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் நிறம் பளிச்சென்று இருந்தது, எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. முதல் நாளே பட்டத்தின் முன் விளிம்பில் காற்றடைக்கும் முன் குழலில் வால்வு ஒட்டியிருந்த இடம் வெயிலில் இளகிக் கழன்றது. ஒட்டி எடுத்துக்கொண்டு மறுபடி போனால், பட்டம் ஏறும், பிறகு பின்புறமாகச் சரிந்து தண்ணீரில் விழும். ஒரு மாதம் முழுக்க என் கைதான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பயிற்சியாளர் நான்கு கயிறுகளையும் ஒரு கம்பத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தார். நடுவில் செல்லும் முன்புறக் கயிறுகள் இரண்டும் மற்றவற்றைவிட ஆறு சென்டிமீட்டர் நீண்டிருந்தன. பாரத்தின் பெரும்பகுதி முன் கயிற்றில்தான் விழுகிறது, ஆண்டுக்கணக்கில் அது நீள்கிறது. அப்போது பின் கயிறு தானாகவே குட்டையாகிப் போகிறது, நாம் இழுக்காமலே பட்டத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. நீ முடிச்சைத் தள்ளிக் கட்டிய அதே கணக்கு.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தில் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். ஆடி மாதம் நடந்தது வேறு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்லுவாள் அல்லவா, அப்படிப்பட்ட நாள். பட்டம் விழுந்து எழும்போது ஒரு பக்கத்துக் கயிறு பாரின், அதாவது பட்டத்தை ஓட்டக் கையில் பிடிக்கும் தடியின், நுனியில் சுற்றிக்கொண்டது. பட்டம் வட்டமடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் இழுப்பு. இடுப்பருகே, பாரை ஹார்னஸ் என்ற இடுப்புக் கச்சையில் மாட்டும் சிக்கன் லூப் வளையத்தில், ஆபத்தில் இழுவையை அடக்கும் விடுவிப்புப் பிடியைத் தள்ளினேன். அசையவில்லை. மீண்டும் தள்ளினேன். உப்பும் மணலும் இறுகி அது கல்லாகியிருந்தது. கரைவரை என்னை இழுத்துக்கொண்டு போனது. பயிற்சியாளர் ஓடிவந்து பட்டத்தின் முன் குழலைப் பிடித்து மணலில் அழுத்திய பிறகுதான் நின்றேன். முழங்காலில் நான்கு தையல். காற்று கரையை நோக்கி வீசியதால் அவ்வளவோடு போயிற்று. அதே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் இரவில் நினைப்பு வருகிறது.

ஆகவே என்னைக் கேட்டால், உன் பணத்தில் முதல் பங்கு பாருக்குத்தான். பட்டத்துக்கு அது பிறகு. எல்லோரும் பட்டத்தைப் பார்த்து மயங்கி, பார் 'கூடவே வருகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். விடுவிப்புப் பிடியை ஒருமுறை தள்ளினால் பட்டம் ஒற்றை முன் கயிற்றில் மட்டும் தொங்கி இழுவையை இழந்து தண்ணீரில் படுக்க வேண்டும். அதற்கும் மேல் ஆபத்து என்றால், ஹார்னஸையும் பட்டத்தையும் இணைக்கும் பாதுகாப்புக் கயிறான லீஷில் இருக்கும் இரண்டாவது பிடியைத் தள்ளிப் பட்டத்தையே கைவிட வேண்டும். இந்த விடுவிப்பு அமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 21853 என்ற சர்வதேசத் தரம் 2020-இல் வெளியானது. அந்தத் தரத்துக்கு உட்பட்ட பார்தானா என்று விற்பவரிடம் கேள். வாங்கும் முன் ஹார்னஸைக் கட்டிக்கொண்டு, பாரின் கயிறுகளை மரத்தில் கட்டி, பின்னால் சாய்ந்து முழு எடையையும் கொடு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் தள்ளு. உடனே விட வேண்டும். பிறகு மகளும் அதையே செய்யட்டும். அவள் கைக்கு வராத பிடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் பார் இன்னொரு நிறுவனத்தின் பட்டத்துக்கு அப்படியே பொருந்திவிடும் என்று எண்ணாதே. முன் கயிறுகள் இரண்டாகப் பிரியும் உயரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; அது மாறினால் பட்டத்தின் நடத்தையும் மாறும். முடிந்தவரை இரண்டையும் ஒரே நிறுவனத்ததாக வாங்கு.

பட்டத்தைப் பொறுத்தவரை வயதுதான் முதல் கேள்வி. காற்றடைத்த குழல் வைத்த பட்டத்துக்கு பிரான்சின் பிரெட்டனிக் கடற்கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகென்யூ என்ற சகோதரர்கள் 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்த பட்டம் மூழ்காமல் மிதந்து மறுபடி எழ வேண்டும் என்பதுதான் அவர்களின் நோக்கம். அதனால்தான் சின்னக் காற்றுக்கசிவைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது. குழல் தளர்ந்தால் நடுக்கடலில் பட்டம் எழாது, நீந்தித்தான் வர வேண்டும். பாரைத் தள்ளினால் இழுவை ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடும் வில் வடிவப் பட்டங்கள் 2005-ஐ ஒட்டித்தான் பரவின. அதற்கு முந்தைய சி வடிவப் பட்டம் எதையும் புதியவர் தொடவே கூடாது. எனக்குத் தெரிந்தவரை, நம்மைப் போன்றவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பழைய பட்டத்தைத் தேடுவதே நல்லது. விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், துணியில் உயிர் மிச்சமிருக்கும்.

துணியில் உயிர் இருக்கிறதா என்பதைக் காது சொல்லும். கையில் கசக்கினால் புது நோட்டுப் போலச் சரசரக்க வேண்டும். பழைய வேட்டிபோல மெத்தென்று இருந்தால் வெயில் தின்றுவிட்டது என்று பொருள். பின் விளிம்பைத் தனியாகப் பார். காற்றில் படபடத்துப் படபடத்து முதலில் தேய்வது அங்கேதான். பட்டத்தை நன்றாக இறுகக் காற்றடித்து இரவு முழுக்க வீட்டிலேயே வைத்துவிடச் சொல். காலையில் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காதே. சூத்திரக் கயிற்றில் இருக்கும் சின்னக் கப்பிகள் சுழல்கின்றனவா, அங்கே கயிறு தேய்ந்து நார் தெரிகிறதா என்பதும் உன் கண்ணுக்குத் தப்பாது. ஒட்டுப்போட்ட கிழிசல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர் தைத்த ஒட்டு உறுதியாகவே இருக்கும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

அளவுக்கு வருகிறேன். உன் எடை 82 கிலோ, மகள் 54 என்று எழுதியிருக்கிறாய். காற்றின் வேகம் 16 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இருக்கும் நாளில் உனக்கு 12 சரியாக இருக்கும். அவளுக்கு அதே நாளில் 8 போதும். உன் பட்டத்தை அவள் கையில் கொடுத்தால் அது பட்டமாக இருக்காது, அவளைத் தூக்கிப்போகும் கப்பல்பாயாகிவிடும். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 15 நாட் 20 ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 'கொஞ்சம் காற்று ஏறியிருக்கிறது, பரவாயில்லை' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. எனவே இருவருக்கும் சேர்த்து 12 ஒன்று, 8 அல்லது 9 ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரே நிறுவனத்தின் பார் ஒன்று. காற்று ஏறும் நாளில் அந்த 9 உனக்கும் உதவும். ஒருவர் கடலில் இருக்கும்போது மற்றவர் கரையில் நிற்பது புதியவர்களுக்கு நல்லதும்கூட.

பலகைக்கு அதிகம் யோசிக்காதே. இரு பக்கமும் ஒரேபோல் போகும் ட்வின் டிப் பலகையாக, பழையதாக, பெரியதாக வாங்கு. உன் எடைக்கு 140 சென்டிமீட்டருக்குக் குறையாமல், அகலம் 42 அளவில் இருந்தால் மெல்லிய காற்றிலும் மிதக்கும். வெடிப்பும் ஊறிய உப்பலும் இல்லாமல் இருந்தால் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். பலகையைக் காலோடு கட்டும் கயிற்றை யாராவது விற்க வந்தால் மறுத்துவிடு. இழுபட்ட பலகை திரும்பி வந்து தலையில் அடிக்கும்.

ஹார்னஸ் மட்டும் புதிதாக, உடலுக்கு அளவெடுத்ததுபோல் இருக்க வேண்டும். இடுப்பு வகை, தொடையிலும் பட்டை வரும் இருக்கை வகை என்று இரண்டு உண்டு. கற்கும் காலத்தில் பட்டம் பெரும்பாலும் தலைக்கு மேலேயே நிற்கும், இடுப்பு வகை மெல்ல ஏறி விலாவை நெரிக்கும். எனக்கு இருக்கை வகைதான் ஒத்துவந்தது. கடையிலேயே கொக்கியில் மாட்டித் தொங்கிப் பார்த்து வாங்குங்கள். தலைக்கவசம், அடிதாங்கும் மேல்சட்டை இரண்டும் கட்டாயம். மேல்சட்டை ஹார்னஸின் கொக்கியை மறைக்காத குட்டை வகையாக இருக்கட்டும். அது உயிர்காப்பு மிதவை ஆகாது என்பதையும் மகளிடம் சொல்லிவை. கயிறு அறுக்கும் சின்னக் கொக்கிக் கத்தி ஒன்றை ஹார்னஸில் செருகிக்கொள்ளுங்கள். இங்கே சில இடங்களில் அடியில் பாறை கூர்மையாக இருக்கிறது, ரப்பர்க் காலணியும் வேண்டும்.

இரண்டாவது முறை நான் என்ன செலவு செய்தேன் என்று கேட்பாய். பட்டம் நாற்பத்திரண்டாயிரம், அதிகம் பயன்படாத பார் முப்பதாயிரம், பலகை பதினெட்டு, ஹார்னஸ் பதினாறு, தலைக்கவசமும் மேல்சட்டையும் பதினொன்று, பம்பு மூன்று. ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆயிற்று. முதலில் கொடுத்த முப்பத்தைந்தாயிரம் கடலோடு போனது. அந்தப் பழைய செட்டை யாருக்கும் விற்க மனம் வரவில்லை. துணியை வெட்டி மாடித் தோட்டத்துக்கு நிழல் போட்டிருக்கிறேன். பாரை உடைத்தே போட்டுவிட்டேன்.

ஆனால் இதையெல்லாம் இப்போதே வாங்க வேண்டாம். பயிற்சிக் கட்டணத்தை மிச்சப்படுத்தி அந்தப் பணத்தில் பட்டம் வாங்கலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. முறையான பயிற்சி ஏறக்குறைய பத்து மணி நேரம், மூன்று நான்கு நாட்களில் முடியும். பட்டமும் பாரும் அவர்களே தருவார்கள். எந்த அளவு உன் கைக்கு வருகிறது, எந்த ஹார்னஸ் ஒத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதன்பிறகும் ஆண்டுக்கு ஒரு வாரம்தான் வர முடியும் என்றால் வாடகைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், ஹார்னஸையும் தலைக்கவசத்தையும் மட்டும் சொந்தமாக வைத்திருங்கள். இப்போது கை பரபரத்தால் 2 அல்லது 3 சதுர மீட்டரில் இரட்டைக் கயிற்றுப் பயிற்சிப் பட்டம் ஒன்று வாங்கு. கூட்டமில்லாத கடற்கரையில் அதிகாலையில் இருவரும் மாறி மாறி விடுங்கள். பட்டத்தைப் பார்க்காமலே அதை எட்டு வடிவில் ஓட்டக் கை பழகிவிட்டால் பயிற்சியில் பாதி நாள் மிச்சம்.

தை, மாசியில் இங்கே வாடையும் கொண்டலும் சீராக இருக்கும், ஆடிக்காற்றின் முரட்டுத்தனம் இருக்காது. ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காலத்தில் வடகரையில் காற்று கரையை நோக்கி வரும். விழுந்தாலும் கரையே சேர்க்கும். அந்த நாளில் தென்கரைக்குப் போகக்கூடாது. பொங்கல் விடுமுறைக்கு வந்துவிடுங்கள். நம் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்குப் படியேறும் சிரமம் இல்லாமல் கீழ் அறையை ஒழித்துத் தருகிறேன். நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் உங்கள் இருவருக்கும் இடம் சொல்லிவைக்கிறேன்.

அதற்குள் மகளின் இடுப்பளவை எழுதி அனுப்பு. தெரிந்தவர் ஒருவர் தன் மகளுக்கு வாங்கிய சிறிய அளவு ஹார்னஸை விற்கப்போவதாகச் சொன்னார். முன்பு சொன்னதிலிருந்து மாறி அதை மட்டும் பழையதாக வாங்கலாமா என்று பார்க்கிறேன். அளவு பொருந்தினால் தையலையெல்லாம் ஒருமுறை சரிபார்த்து எடுத்துவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் மொட்டைமாடித் தோழன்