ஆய்வில் சேரப் போகிறேன், கண்ணா

அன்புள்ள கண்ணா,

நேற்று போனை வைக்கும்போது நீ கோபமாக இருந்தாய். "உன்னை வைத்து யாரும் பரிசோதனை செய்ய நான் விடமாட்டேன்மா" என்றாய். எனக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற பயம்தான் அப்படிப் பேச வைத்தது என்று எனக்குத் தெரியாதா? பதில் சொல்ல நினைத்தேன், ஆனால் போனில் எனக்கு இன்னும் வார்த்தைகள் வேகமாக வருவதில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம். இடது கையால் தட்டச்சு செய்கிறேன், விட்டு விட்டுத்தான் எழுத முடிகிறது. அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்.

ஆய்வு என்னவென்று நீ முழுசாகக் கேட்கவே இல்லை. ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்து கை பலவீனமானவர்களை இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பிசியோதெரபி. இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சி கூடுதல் நேரம். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். புது மருந்து கிடையாது, அறுவை கிடையாது. சில மாதம் கழித்து, நான் எந்தப் பிரிவில் இருந்தேன் என்று தெரியாத ஒருவர் வந்து என் கையைச் சோதித்துப் பார்ப்பார். அவ்வளவுதான்.

"கூடுதல் பயிற்சி நல்லதுதானே, அதை எதற்குக் குலுக்கலுக்கு விடணும்? பணம் நான் அனுப்புகிறேன், தனியாக ஆள் வைத்துக்கொள்" என்றாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'அவெர்ட்' என்று ஒரு பெரிய ஆய்வு. 5 நாடுகள், 56 ஸ்ட்ரோக் வார்டுகள், 2104 நோயாளிகள். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி நிற்கவும் நடக்கவும் வைத்தால் சீக்கிரம் தேறுவார்கள் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். முடிவு 2015-ல் வந்தது. மூன்று மாதம் கழித்துத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், வழக்கமான கவனிப்புப் பிரிவில் 50 சதவீதம். அதிகம் நடக்க வைத்த பிரிவில் 46 சதவீதம்தான். அதற்காக அசையாமல் படுத்தே கிடக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. முதல் நாளிலேயே அளவுக்கு மிஞ்சி அவசரப்படுத்தினால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம் என்பதுதான் விஷயம். இது யாருக்கும் தோன்றியிருக்குமா? குலுக்கிப் போட்டுப் பார்த்ததால்தான் தெரிந்தது.

நான் இப்போது அந்த முதல் நாள் கட்டத்தில் இல்லை, சரி. கைப்பயிற்சிக்கு என்ன பதில் என்று பார்த்தால் அங்கேயும் குழப்பம்தான். 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆனவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனமான கையையே பயன்படுத்த வைத்தார்கள். இரண்டே வாரம். அவர்களுக்குக் கை நன்றாகவே முன்னேறியது. பத்து வருடம் கழித்து, 2016-ல், 361 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. திட்டமிட்ட தீவிரப் பயிற்சி, அதே அளவு நேரம் சாதாரணப் பயிற்சி, வழக்கமான சிகிச்சை என்று மூன்று பிரிவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, நீ காசு கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்லும் கூடுதல் நேரம் எனக்குப் பலன் தருமா என்று என் டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் குலுக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஒரு சின்னப் பலகை, அதில் ஒன்பது துளை. பக்கத்தில் ஒன்பது குச்சி. ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருகி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க வேண்டும், பக்கத்தில் கடிகாரம் ஓடும். இடது கை விறுவிறுவென்று முடித்துவிடுகிறது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியின் இரண்டு பக்கமும் சரியாகத்தான் வந்து நிற்கின்றன. பிடி இறுகும் நேரத்தில் மற்ற மூன்று விரலும் சேர்ந்து மடங்கிவிடும், குச்சி உருண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்று விரலைச் சும்மா இருக்கச் சொல்வதுதான் இப்போது என் முழு வேலை. இதில் எவ்வளவு நேரம் பாடுபட்டால் போதும் என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் வாய் கோணியதும் அப்பா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "கடைசியாக இவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. உடனே சிடி ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்காமல் ஊசி போட முடியாது. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, கசிவு இருப்பவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. (வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், ஸ்கேனுக்கு முன்னால் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதே, அதற்கும் இதுதான் காரணம்.) தலையைத் திறக்காமல் மூளையைப் பார்க்கும் அந்த ஸ்கேனே 1971-ல்தான் முதல் நோயாளிக்குக் கிடைத்தது.

ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து ஊசி தயாராகும்போது மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது. அந்த ஊசிக்கு முதலில் வைத்த எல்லை மூன்று மணி நேரம், கண்ணா. 1995-ல் அமெரிக்காவில் 624 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆல்டிபிளேஸ் என்ற அந்த மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். அந்த ஆய்வின் இரண்டாவது பகுதியில், மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ஊனமே இல்லாமல் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 39 சதவீதம், மற்றதில் 26. மருந்து வாங்கியவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் கசிவு ஏற்பட்டு நிலைமை மோசமானது, அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது 2008-ல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு. அதில் 821 பேர். 418 பேருக்கு மருந்து, 403 பேருக்கு வெறும் திரவம்.

அந்த 403 பேரைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வாய் குழறி, பாதி உடம்பு மரத்துப்போன நிலையில், அவர்களோ அவர்கள் வீட்டு ஆட்களோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மருந்து கிடைக்குமா என்று தெரியாமலே சரி என்றிருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் தாண்டி வந்த என்னை டாக்டர் என்ன செய்திருப்பார்? இன்றைக்கு நான் ஓரளவு பேசுகிறேன், நடக்கிறேன். எனக்கு அவர்கள் யாரையும் தெரியாது, நன்றி சொல்ல வழியும் இல்லை.

டாக்டர்கள் நல்லது என்று நினைத்துச் செய்வதே போதாதா என்பாய். போதாது. தலைத்தோலில் ஓடும் ரத்தக்குழாயை மண்டைக்குள் கொண்டுபோய் மூளையின் குழாயோடு இணைக்கும் பைபாஸ் அறுவை ஒரு காலத்தில் பரவலாக நடந்தது. கேட்டால் யாருக்கும் சரி என்றே படும். 1985-ல் 1377 பேரை வைத்து நடத்திய ஆய்வு, அது ஸ்ட்ரோக்கைத் தடுக்கவில்லை என்று காட்டியது. அதை நடத்திய ஹென்றி பார்னெட்தான், கழுத்துக் குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருப்பவர்களுக்கு அடைப்பைச் சுரண்டி எடுக்கும் அறுவை உண்மையாகவே காப்பாற்றுகிறது என்பதை 1991-ல் நிரூபித்த ஆய்வையும் தலைமை தாங்கி நடத்தினார். அதே மனிதர், அதே முறை. ஒன்றுக்கு வேண்டாம் என்றும் இன்னொன்றுக்கு வேண்டும் என்றும் பதில் வந்தது. கம்பிவலை விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சைக்கும் இதே கதைதான். குழாய் வழியாகப் போய்க் கட்டியை எடுக்கும் முறைகளால் பலன் தெரியவில்லை என்று 2013-ல் மூன்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. அத்தோடு விட்டுவிடாமல், பெரிய குழாயில் அடைப்பு இருப்பதை ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, புதுக் கருவியோடு மறுபடி முயன்றார்கள். 2015-ல் நெதர்லாந்து ஆய்வில் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியவர்கள், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 19.1 சதவீதம், கட்டியை எடுக்கும் பிரிவில் 32.6 சதவீதம்.

படிவத்தை அப்பாவும் நானும் வரி வரியாகப் படித்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை எந்த விதத்திலும் குறையாது. நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறது. ஆய்வு நடக்கும்போதே முடிவுகளைப் பார்த்து, யாருக்காவது தீங்கு தெரிந்தால் நிறுத்தச் சொல்ல ஒரு தனிக் குழு இருக்கிறது. என் பெயர் வெளியே போகாது. உனக்கு வேறு சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்பு, வரும் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் அப்படியே கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதையும் இந்த வலது கையால்தான் போடுவதாக இருக்கிறேன், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், உன் விஷயம். எனக்குப் பிரஷர் இருந்தது உனக்குத் தெரியும், உனக்கும் வர வாய்ப்பு அதிகம். 22 நாடுகளில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2010-ல் வந்தது. ஸ்ட்ரோக் ஆபத்தில் 90 சதவீதத்தைப் பத்தே காரணங்களுக்குள் அடக்கிவிடலாம் என்றது, அதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்குத்தான். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலே அது ஏறி நிற்கும். "எனக்கு ஒன்றும் இல்லைமா" என்று சொல்லாதே, அளந்து பார். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு, பேசாமல், கையை மேசையில் வைத்து அளக்க வேண்டும். மேலே உள்ள எண், கீழே உள்ள எண் இரண்டையும் உன் கேள்விகளோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா