பெண் பிள்ளைகளின் விஞ்ஞான அறைக்குக் கூரை போட ஒரு வேண்டுகோள்

அன்பான ஊர் உறவுகளே, கடல் கடந்து வாழும் எங்கள் பிள்ளைகளே,

வணக்கம். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. திருகோணமலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமை விடாமல் கொட்டினால் பூசாத சுவர் ஊறிப்போகும், இதுவரை போட்ட காசும் அதோடு போகும். அதனால்தான் வாசிகசாலைக் குழு மூன்றாவது தடவையாக உங்கள் படலையைத் தட்டுகிறது. எங்களுக்கும் கூச்சம்தான்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகள் இரசாயனவியல், பௌதிகவியல் செய்முறை செய்யவும் கணினி பழகவும் வாசிகசாலை வளவில் ஓர் அறை கட்டுகிறோம். "ஏன் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பையன்கள் வந்தாலும் கதவைப் பூட்டமாட்டோம். ஆனால் பையன் நகரத்தில் ரியூசன் முடித்து இரவு எட்டு மணிக்கு சைக்கிளில் வந்துவிடுகிறான். தங்கச்சிக்கு அது முடிகிறதா? கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இறங்கினால் விளக்கு எரியாத தெரு, அப்புறம் நாலு பேரின் வாய். சென்ற வருடம் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்த மூன்று பிள்ளைகள் கலைப் பிரிவுக்குப் போனார்கள். கலைப் பிரிவு குறைந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்பிப் போனால் ஆசீர்வதித்து அனுப்பலாம். இவர்கள் விரும்பிப் போகவில்லை.

நாடு முழுவதும் இதே கதைதான். பல்கலைக்கழகம் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பொறியியல் பீடத்துக்குள் போய்ப் பாருங்கள், ஆண்கள்தான் நிறைந்திருப்பார்கள். வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதை எங்கள் ஊரில் இன்னும் "பொடியன்களின் பிரிவு" என்றே சொல்கிறோம். யார் அப்படி எழுதி வைத்தது?

இத்தனைக்கும் பெண் கல்வியில் திருகோணமலை பிந்திய ஊர் இல்லை. 1923 இல், பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று வீட்டுக்கு வீடு கேட்ட காலத்தில், தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் இங்கே சைவப் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி அதுதான். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை 1931 இல், இலவசக் கல்வி 1945 இல். அதற்கெல்லாம் முன்னமே இந்த மண்ணில் ஒரு பெண் அதைச் செய்துவிட்டார். (எங்கள் தலைவர் ஐயா கூட்டத்தில் இந்த இடத்துக்கு வந்தால் அரை மணித்தியாலம் நிறுத்தமாட்டார். இங்கே சுருக்கிவிட்டோம்.) 2004 மார்கழியில் கடல் எங்கள் வாசிகசாலையை அள்ளிக்கொண்டு போனபோது, தங்கள் வீட்டுக்கே கூரை இல்லாதவர்கள் வந்து அதற்குக் கல் சுமந்தார்கள். அந்த ஊர்தான் இது.

இனிக் கணக்கு. மொத்தச் செலவு 38 இலட்சம் ரூபாய். கையில் வந்தது 24 இலட்சத்து 60 ஆயிரம், அவ்வளவும் அத்திவாரத்திலும் சுவரிலும் போய்விட்டது. மீதி 13 இலட்சத்து 40 ஆயிரம் வேண்டும்: கூரைக்கு 6 இலட்சத்து 20 ஆயிரம், மின்சார வேலைக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம், பழைய கணினி எட்டுக்கு 3 இலட்சம், பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடமும் தண்ணீரும் 2 இலட்சத்து 40 ஆயிரம். மலசலகூடத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். குழுவிலுள்ள பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் மாதத்தில் நாலு நாள் பிள்ளை வரமாட்டாள் என்று அவர்கள் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

இதுவரை தந்தவர்களை மறக்க முடியாது. கரைவலைக்காரர்கள் ஒரு நாள் மீன்பாட்டுக் காசை அப்படியே தந்தார்கள். கிண்ணியாவிலிருந்து மணல் ஏற்றி வந்த லொறிக்காரத் தம்பி ஏழு லோட்டுக்கும் கூலி வேண்டாம் என்றுவிட்டார், "என்ட மகளும் படிக்கிறாதானே" என்றார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகள் மூவர் மாதம் தவறாமல் அனுப்புகிறார்கள். ரொறன்ரோ, இலண்டன் உறவுகள் சீமெந்தும் கம்பியும் முழுவதையும் ஏற்றார்கள். கருவாடு விற்கும் அம்மா ஒருவர் முடிச்சவிழ்த்து 5,000 ரூபாய் தந்தார், பற்றுச்சீட்டில் பெயர் போடவும் விடவில்லை. அவருக்குப் பெண் பிள்ளை இல்லை.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபிக்க வேண்டாம். திருவிழா உபயத்துக்கு எங்கள் ஊரில் போட்டி. ஓர் இரவு வாணவேடிக்கைக்குக் கொட்டும் காசில் இந்தக் கூரையின் பாதி முடிந்துவிடும். அம்பாளுக்குச் செய்வதைக் குறைக்கச் சொல்லவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறோம். வாணி விழாவுக்கு அவலும் கடலையும் படைக்கிற வீடுகளில் எத்தனை வீடு இந்த அறைக்கு ஒரு தகரம் தந்தது என்று பொருளாளரின் கொப்பியைப் பார்த்தால் தெரியும். பிள்ளையை வைத்தியராக்கிவிட்ட குடும்பங்கள் சிலவும் அதில் இல்லை.

விஜயதசமியன்று பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போக விரும்புகிறோம். ஒரு தகரம் 4,500 ரூபாய். முடியாவிட்டால் ஒருநாள் உடல் உழைப்பு, அதுவும் கணக்கில் ஏறும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு வாசிகசாலையில் பொருளாளர் இருப்பார். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். வரும் வெள்ளிக்குள் தகரத்துக்கு முற்பணம் கட்டாவிட்டால் மேசன் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், போனால் தை மாதம்தான் திரும்புவாராம்.

இங்ஙனம்,
வாசிகசாலைக் கட்டடக் குழு