செயலாளர் ஆண்டறிக்கை: அணு ஆயுத ஒழிப்பில் மக்கள் அமைப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள தோழமை நெஞ்சங்களே, வணக்கம். சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைத் தங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேராத அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் பற்றி நாம் பேசி என்ன பயன் என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே, மக்கள் அமைப்புகள் இத்துறையில் முன்பு எதைச் சாதித்தன, எவ்வழியில் சாதித்தன என்று அறிவதற்கே இவ்வாண்டின் வாசிப்புக் கூட்டங்களை ஒதுக்கினோம்.

அவற்றுள் நெடுநேரம் நீடித்தது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-இல் தொடங்கிய பால்பல் ஆய்வு குறித்த கூட்டம். வெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து படிந்த ஸ்ட்ரான்சியம்-90 என்னும் கதிரியக்கப் பொருள், கால்சியத்தை ஒத்த தன்மையால் புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தையின் எலும்புக்கும் பல்லுக்கும் சென்று சேர்கிறது என்பதை மெய்ப்பிக்க, மருத்துவர்களும் அறிவியலாளர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்து, விழுந்த பற்களைக் கேட்டு வாங்கினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள் வந்து சேர்ந்தன. பல் கொடுத்த குழந்தைக்கு ஒரு சட்டை வில்லை பரிசு; அதில்தான் நம் உறுப்பினர் பலருக்கும் மனம் ஒட்டிக்கொண்டது. வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகியவற்றில் சோதனைகளைத் தடைசெய்த 1963 உடன்பாட்டுக்கு ஆதரவு திரட்டியதில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

கசக்ஸ்தானில் 1989-இல், கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் தொலைக்காட்சியில் கவிதை படிக்க வேண்டிய நேரத்தில் செமிபலாத்தின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைத் தளத்தின் கதிர்வீச்சுக் கசிவைப் பற்றிப் பேச, அதிலிருந்து எழுந்த இயக்கத்தின் அழுத்தத்தால் 1991 ஆகஸ்ட் 29 அன்று அத்தளம் மூடப்பட்டதையும் படித்தோம்.

இவற்றிலிருந்து மூத்த உறுப்பினருக்கு என் பதில் இதுதான். 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தால் இதுவரை ஒரு குண்டும் கழற்றப்படவில்லை; உலகில் இன்றும் சுமார் 12,000 அணுகுண்டுகள் உள்ளன. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதும் மாசுபட்ட நிலத்தைச் சீர்செய்வதும் கடமை என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்வதற்கு, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களும் சோதனைத் தளங்களின் அருகில் வாழ்ந்தவர்களும் மாநாடு மாநாடாகச் சென்று அளித்த சாட்சியமே அடிப்படை. ஊர்வலத்தின் நீளத்தைவிட, மறுக்க முடியாத சான்றை மேசையில் வைத்ததே இக்கதைகள் அனைத்திலும் வேலை செய்திருக்கிறது.

அந்தக் கணக்கில் பார்த்தால் நமது கையெழுத்து இயக்கம் தோல்வியே. கையெழுத்திட்ட மாணவர்கள் அடுத்து என்ன என்று கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. பாதியில் நிறுத்திவிட்டோம். கருத்தரங்குக்கு இடம் தர இசைந்த நிறுவனம் ஒன்று கடைசி நாளில் மறுத்ததால், அந்நிகழ்ச்சி உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் நடந்தது.

ஒப்பந்தத்தைத் தமிழாக்கும் பணி பாதி முடிந்துள்ளது. 'ஆயுதக் குறைப்பு' என்று எழுதுவதா, 'ஆயுத ஒழிப்பு' என்று எழுதுவதா என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் கழிந்தன. வல்லரசுகள் தமக்குள் எண்ணிக்கையை இறக்கிக்கொள்வது குறைப்பு. இந்த ஒப்பந்தம் கேட்பது ஒழிப்பு என்பதால் பின்னதையே ஏற்றோம்.

1956-இல் தொடங்கி 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நிஹோன் ஹிடான்கியோ, ஜப்பானில் அணுகுண்டுக்கு உயிர்தப்பியவர்களின் அமைப்பு. அவ்வாறு உயிர்தப்பியவர்களின் சராசரி வயது இப்போது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய சாட்சியங்களை உரிய அனுமதியுடன் தமிழில் கொண்டுவருவதை வரும் ஆண்டின் முதற்பணியாக ஏற்கவும், கையெழுத்து இயக்கத்தை முறைப்படி கைவிடவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவுசெலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார்.